சீப்புக்கு விழுந்த ஓட்டு

பத்து வயதில் நான் சொன்ன ஒரு பொய்யால்தான் அப்பா தேர்தலில் தோற்றார் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். பெரிய பொய்யொன்றும் இல்லை. ஓடுகிற பஸ்ஸில் "வாந்தி வருது" என்றேன். வரவில்லை. அவ்வளவுதான்.

எங்கள் ஊர் மாமல்லபுரத்திலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு சின்னப் பேரூராட்சி. அப்பா பந்தல் சாமான், நாற்காலி, அண்டா வாடகைக்கு விடுகிறவர். கல்யாணமோ காரியமோ, அப்பா இல்லாமல் ஊரில் எதுவும் நடக்காது என்பதால் கவுன்சிலராக வேண்டும் என்ற ஆசை அவருக்கு இயல்பாகவே வந்திருக்க வேண்டும். அவர் ஆசைப்பட்ட நேரம் பார்த்து எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். அப்பா அசரவில்லை. நிறைமாதமாக இருந்த அம்மாவை நிறுத்தி ஜெயிக்க வைத்தார். பதவியேற்பின்போது நான் பன்னிரண்டு நாள் குழந்தையாம். அம்மா ஆட்டோவில் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு எனக்குப் பசி வருவதற்குள் திரும்பிவிட்டாளாம்.

ஊரில் கவுன்சிலர் என்றால் அப்பாதான். "கவுன்சிலர் கீறாரா?" என்று கேட்டு வருகிறவர்களிடம், "கடைக்குப் போயிருக்கார்" என்று கவுன்சிலரே பதில் சொல்லி அனுப்புவாள். லெட்டர் பேடில் அம்மா பெயர் அச்சாகியிருக்கும், எழுதுவது அப்பா. வட்ட முத்திரை அப்பாவின் சட்டைப் பையிலேயே இருந்து இருந்து, அவருடைய எல்லாச் சட்டைகளிலும் ஊதா நிறத்தில் ஒரு நிலா உண்டு.

இரண்டாவது முறையும் அம்மாவே ஜெயித்தாள். ஒரு கோடையில் தண்ணீர்த் தொட்டியின் மோட்டார் எரிந்துபோனது. கல்யாண மாதம், அப்பா பந்தலோடு ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தார். பெண்கள் காலிக் குடத்தோடு எங்கள் கொல்லைக் கதவைத் தட்டினார்கள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனாள். மோட்டார் வந்து இறங்கும்வரை அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாளாம். அதிலிருந்து எங்கள் வீட்டுக்கு இரண்டு வழிகள் ஆகிவிட்டன. ஆண்கள் வாசல் வழியாக அப்பாவிடம் வந்தார்கள். பெண்கள் கொல்லை வழியாக அம்மாவிடம் வந்தார்கள். வாசலில் பேச்சு சத்தமாக நடக்கும், கொல்லையில் வேலை நடக்கும். ரேஷன் கார்டு, தெருவிளக்கு, விதவை உதவித்தொகை எல்லாம் எங்கள் அம்மிக்கல் பக்கத்தில்தான் முடிவாகும். யார் வீட்டுக் குழாயில் எந்த நேரத்துக்குத் தண்ணீர் வரும் என்பது அம்மாவுக்கு மனப்பாடம்.

பத்து வருஷம் கழிந்து, வார்டு பொது வார்டாக மாறியது. அப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வெள்ளைச் சட்டை ஆறு தைத்துக்கொண்டார். "பத்து வருஷம் உன் பேர்ல ஒழைச்சேன். இந்தவாட்டி என் பேர்லயே நிக்கிறேன், இன்னா?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "நில்லுங்க" என்றாள்.

அங்கேதான் ஒரு சின்னச் சம்பிரதாயம் குறுக்கே வந்தது. வேட்புமனுவில் ஏதாவது பிசகிருந்தால் தள்ளிவிடுவார்கள் என்பதால், பயந்தவர்கள் எல்லோரும் வீட்டுக்காரி பெயரிலோ தம்பி பெயரிலோ இன்னொரு மனுவும் போட்டு வைப்பார்கள். டம்மி என்று பெயர். அசல் மனு தேறிவிட்டால் டம்மி வாபஸ் வாங்கிக்கொள்ளும். அப்பாவும் அம்மா பெயரில் ஒன்று போட்டார். பத்து வருஷம் கவுன்சிலராக இருந்தவள் இப்படியாக டம்மி ஆனாள். அப்பாவின் மனு தேறியது. வாபஸ் கடிதத்தை அப்பாவே தன் குண்டுக் கையெழுத்தில் எழுதி, அம்மாவிடம் கையெழுத்து வாங்கி, "பையில வெச்சிக்கோ. மூணு மணிக்குள்ள நீயே நேர்ல குடுக்கணும், மறந்துடாத" என்று கொடுத்தார். அம்மா "ம்" என்று வாங்கிக்கொண்டாள்.

வாபஸ் நாளன்று காலையில், என்னைச் செங்கல்பட்டுக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடி வாங்கி வரப்போவதாக அம்மா சொன்னாள்.

"இன்னிக்கேவா?" என்றார் அப்பா.

"ஸ்கூல்ல போர்டு தெரியலன்னு அழுவுது. ஒண்ணரைக்கெல்லாம் வந்துடுவேன்."

நான் அழுததாக எனக்கு ஞாபகம் இல்லை. கண்ணாடி தயாராகிவிட்டது என்று கடைக்காரர் போன் செய்தே ஒரு வாரம் ஆகியிருந்தது. ஆனால் பள்ளிக்கு மட்டம் போடக் கிடைத்த வாய்ப்பை எந்தக் குழந்தை எதிர்க்கேள்வி கேட்கும்?

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பன்னிரண்டு மணிக்குப் பஸ் ஏறினோம். வழி முழுக்கப் புளியமரங்களுக்குத் தனித்தனி இலை இருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. திருக்கழுக்குன்றம் பஸ் நிலையத்தில் வண்டி நின்றபோது ஜன்னலுக்கு வெளியே பன்னீர் சோடா விற்றுக்கொண்டிருந்தார்கள். வெளியில் எதுவும் வாங்கித் தரமாட்டாள் அம்மா. ஆனால் உடம்புக்கு முடியாதவர்களுக்குச் சோடா உண்டு என்பது எனக்குத் தெரியும். வண்டி கிளம்பி நகர ஆரம்பித்த பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, "அம்மா, வாந்தி வருது" என்றேன்.

வண்டியைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லி ஜன்னல் வழியாகச் சோடாவை வாங்கித் தருவாள் என்றுதான் நினைத்தேன். அம்மாவோ எழுந்து, "நிறுத்துங்க, புள்ளைக்கு முடியல" என்று கண்டக்டரிடம் சொல்லி என்னோடு இறங்கியே விட்டாள். பஸ் போய்விட்டது.

அம்மா எனக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தாள். தனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டாள். அவள் வெளியில் எதையும் வாங்கிக் குடித்து நான் பார்த்ததே இல்லை. பிறகு பக்கத்துக் கடையில் இரண்டு வடை வாங்கி, பெஞ்சில் சாவகாசமாக உட்கார்ந்து, சட்னியைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டாள். நேரக் காப்பாளர் அறையில் மாட்டியிருந்த கடிகாரம் புதுக் கண்ணாடியில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஒன்று பத்து. ஒன்றே முக்கால். மாமல்லபுரம் பஸ் ஒன்று வந்தது.

"அம்மா, பஸ்ஸு."

"கூட்டமா கீது. உனக்கு மறுபடியும் வந்துட்டா? அடுத்ததுல போலாம்."

"எனக்கு சரியாப் போச்சும்மா."

"சும்மா உக்காருடி."

அடுத்தது வந்தது. அதிலும் கூட்டம் என்றாள். ஜன்னலோரத்தில் மூன்று நான்கு சீட்டுகள் காலியாக இருந்ததை நான் பார்த்தேன். வாந்தி பொய் என்று சொன்னால் அடி விழும். சொல்லாவிட்டால் அப்பாவின் தேர்தல் கெட்டுப்போகும். பத்து வயதில் யாரும் அடியைத் தேர்ந்தெடுப்பதில்லை.

ஊரில் இறங்கும்போது மணி மூன்று நாற்பது. அலுவலக வாசலில் அப்பா புது வெள்ளைச் சட்டையில் வியர்வையில் தொப்பலாக நின்றிருந்தார். பக்கத்தில் என் மாமா, அம்மாவின் தம்பி. பிரசாரத்துக்கென்று மைக் கட்டிய ஆட்டோ அவருடையது.

"இன்னா ஆச்சி?" என்றார் அப்பா.

"புள்ளைக்கு வாந்தி. திருக்கழுக்குன்றத்துல எறங்கிட்டோம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "போச்சுடா! ரெண்டு பேர் பேரும் ஓட்டுச் சீட்டுல வரப்போவுது. உங்களுக்கு விழுற ஓட்டு பிரியும்" என்றார் மாமா. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.

வீட்டுக்குப் போனதும் என்னைப் பாயில் படுக்க வைத்தார்கள். அம்மா கொல்லைப்பக்கம் போனாள். அப்பா பீரோவைத் திறந்து எதையோ தேடினார். தைலம் தேடுகிறார் என்று நினைத்தேன். முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு பீரோவைச் சாத்திவிட்டு வந்து என் நெற்றியில் கை வைத்தார்.

"இப்ப எப்டி கீது?"

நான் ஓவென்று அழுதுவிட்டேன். "போனாப் போவுது, அழுவாத. பேரு இருந்தா இன்னா, அதுக்கு யாரு போடப்போறா?" என்றார்.

அப்பாவுக்கு ஏணிச் சின்னம் கிடைத்தது. அம்மா சின்னம் கேட்கவே போகவில்லை. எல்லோரும் எடுத்தது போக மிஞ்சிய சீப்பை அவளுக்கு ஒதுக்கினார்கள். அப்பாவுக்கு நல்ல வழுக்கை. "அண்ணாத்தைக்கு சீப்பு எதுக்கு, அக்காவுக்கே இருக்கட்டும்" என்று டீக்கடையில் ஒரே சிரிப்பு. எதிர்த்து நின்ற லாரிக்காரருக்கு அது பெரிய குஷி. புருஷன் பெண்டாட்டி ஓட்டைப் பங்கு போட்டுக்கொள்வார்கள், நாம் நடுவில் புகுந்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்.

அப்பா செய்த தவறு என்னவென்றால், மறைக்க நினைத்ததுதான். மாமா ஆட்டோவில் தெருத்தெருவாக, "ஏணி! ஏணி! சீப்புல மட்டும் குத்திடாதீங்க! சீப்பு சும்மா பேருக்குத்தான்!" என்று மைக்கில் கத்திக்கொண்டே போவார். சீட்டில் அம்மா பெயர் இருப்பது தெரியாத வீடுகளுக்கும் அது நன்றாகத் தெரிந்தது. "சீப்ப ஒளிச்சி வெச்சா கல்யாணம் நின்னுடுமாடா?" என்று குழாயடியில் ஒரு அத்தை ஆட்டோவை நிறுத்தியே கேட்டாள்.

என் பங்குக்கு நானும் பாவத்தைக் கழுவப் பார்த்தேன். வகுப்பில் ஒவ்வொரு பெண்ணிடமும், "உங்கம்மாவ சீப்புக்குப் போட வேணாம்னு சொல்லு" என்று கெஞ்சினேன். அவர்களும் தவறாமல் வீட்டில் போய்ச் சொன்னார்கள்.

இத்தனைக்கும் அம்மா தனக்கென்று ஒரு ஓட்டுக்கூடக் கேட்கவில்லை. தினமும் காலையில் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு அப்பாவோடு வெயிலில் நடந்தாள். வீட்டுக்கு வீடு கும்பிட்டு, "ஏணிக்கே போடுங்க" என்றாள். அந்தக் குரலில் கள்ளம் இல்லை என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். கதவைத் திறந்த பெண்கள் அவளையே உற்றுப் பார்த்தார்கள்.

"நீ நிக்கிறியா நிக்கலியாக்கா? ஒரே வார்த்த சொல்லு."

"பேரு கீது. நாங்க கேக்கறது ஏணிக்குத்தான்."

"சரிக்கா" என்று அவர்கள் சொன்ன விதத்தில் எதையோ வாங்கிக்கொண்டதுபோல ஒரு திருப்தி இருந்தது. அப்பா ஒரு அடி முன்னால் நின்று கும்பிட்டபடியே இருந்தார். இரண்டு பேருக்கும் ஒரே சொம்பில் மோர் வந்தது. அப்பா பாதி குடித்துவிட்டு அம்மாவிடம் நீட்டினார்.

பள்ளிக்கூடத்தில் ஓட்டு எண்ணினார்கள். அப்பா நம்பிக்கையோடு தன் கடை நாற்காலிகளையே வாசலில் போட்டு, சாமந்தி மாலையும் வாங்கி வைத்திருந்தார். மாமா வெளியே ஓடி வந்தார். யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு, "சீப்பு" என்றார். லாரிக்காரர் இரண்டாவது. ஏணி மூன்றாவது.

கொல்லை வழியாக வருகிற பெண்கள் அத்தனை பேரும் அன்றைக்கு வாசல் வழியாக வந்துவிட்டார்கள். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அப்பாவையே பார்த்தபடி நின்றாள். அப்பா மாலையை எடுத்தார், நிலா இல்லாத புதுச் சட்டையைத் தடவி முத்திரையைத் தேடுவதுபோல ஒரு கணம் நின்றார். பிறகு மாலையை அம்மாவிடம் நீட்டி, "போட்டுக்கோ, வாடிடப்போவுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார். சிரித்துவிட்டு, தன்னுடைய நாற்காலிகளில் ஒன்றை விரித்து, ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார். மறுநாள் வட்ட முத்திரை சமையலறை அலமாரியில் துவரம்பருப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது.

அந்தப் பொய்யை நான் பதினைந்து வருஷம் சுமந்தேன். பிறகு மறைமலைநகரில் வேலைக்குச் சேர்ந்து, முதல் விடுமுறைக்கு வந்திருந்தபோது, கடையில் அப்பா தனியாக நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். இனி முடியாது என்று சொல்லிவிட்டேன்.

"அப்பா, அன்னிக்கு எனக்கு வாந்தியே வரல. சோடாக்காக பொய் சொன்னேன். என்னாலதான் நீ தோத்த."

அப்பா துணியை உதறினார். "அட பைத்தியமே! உன்னால இன்னா? அந்த வாபஸ் லெட்டர உங்கம்மா எடுத்துகினே போவல. நீங்க மூணு மணிக்கு முன்னாடி வந்திருந்தாலும் அவ கையில ஒண்ணும் இருந்திருக்காது. பீரோவுல, அவ பட்டுப்புடவைக்கு அடியில மடிச்சி வெச்சிருந்தா. அன்னிக்கு சாயந்தரமே பாத்தேன்."

"அப்பறம் ஏம்ப்பா நீ அம்மாவைக் கேக்கல?"

அப்பா அடுத்த நாற்காலியை இழுத்துக்கொண்டார். "கேட்டா நெசத்த சொல்லிடுவா. அப்பறம் எப்டி ரெண்டு பேரும் ஒண்ணா ஓட்டு கேக்கப் போறது?"

அன்று படுத்துக்கொண்டு அப்பாவின் முதுகைப் பார்த்தபோது அவர் தைலம்தான் தேடுகிறார் என்று நினைத்தேனே, எங்கள் வீட்டில் தைலம் பீரோவில் இருந்ததே இல்லை. அது எப்போதும் சாமி படத்துக்குக் கீழே, கைக்கு எட்டுகிற மாடத்தில்தான் இருக்கும். அன்றைக்கும் அங்கேதான் இருந்தது.