நாத்தனார் கண்ணில் படாத மீன்கள்

எங்கள் குடியிருப்பில் நாய் வளர்ப்பவர்கள் உண்டு, லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்கள் உண்டு. வீட்டுக்குள் கடல் வைத்திருப்பவள் நான் ஒருத்திதான். படூரில், நான்காவது மாடியில், கூடத்துச் சுவரோரம் என் உப்புத் தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும். உயரட்டும்.

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் நானும் கணவரும் திருவிடந்தைக் கரைக்குப் போய்க் கேன்களில் கடல் தண்ணீர் பிடித்து வருவோம். மழைக்காலத்தில் கடல் கலங்கிவிட்டால், கடையில் இதற்கென்றே விற்கும் உப்பைக் கரைத்துச் சமாளிப்பேன். லிஃப்டில் கேன்களைப் பார்க்கும் எதிர்வீட்டுக்காரர், "இன்னா மேடம், கருவாடு போடப் போறீங்களா?" என்பார். அவர் வீட்டுக் கூடத்தில் பார்ப்பதற்கு இருப்பது டிவி மட்டும்தான், அதனால் மன்னித்துவிடுவேன்.

தொட்டியில் இருப்பவை மூன்று ராஸ் மீன்கள். ஒன்று எலுமிச்சம்பழ மஞ்சள். ஒன்று பச்சை, முகமெல்லாம் ரோஸ் நிறக் கோடுகள். மூன்றாவதற்கு உடம்பு முழுக்கப் புள்ளி. மூன்றும் பகலெல்லாம் ஒரு நிமிடம் சும்மா இருக்காது, கல் கல்லாகக் கொத்திக்கொண்டே திரியும். துள்ளி வெளியே விழுகிற குணம் இருப்பதால் மேலே வலை போட்டு மூடியிருக்கிறேன். இன்னொரு குணமும் உண்டு. பொழுது சாய்ந்ததும் தலைகீழாக மணலுக்குள் பாய்ந்து, புதைந்து தூங்கிவிடும். மறுநாள் வெளிச்சம் வந்தால்தான் எழும். இந்தக் குணத்தால்தான் எனக்கு வம்பு வந்தது.

என் கணவரின் அக்கா செங்கல்பட்டில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். அந்தக் குடும்பத்தில் அவர் நன்றாக இருக்கிறது என்று சொன்னதுதான் நன்றாக இருக்கும். கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் செய்த எதற்கும் அவர் வாயிலிருந்து ஒரு 'நல்லா கீது' வந்ததில்லை. இந்த மீன்களைப் பார்த்தாலாவது வரும் என்று நம்பினேன். கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு ஒருநாள் அவர் வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது.

"எங்கம்மா மீனு?"

"மண்ணுக்குள்ள தூங்குதுக்கா."

"மண்ணுக்குள்ள தூங்க அது இன்னா மண்புழுவா?"

கணவர் ஒரு கரண்டியை எடுத்துவந்து, லேசாகக் கிளறிக் காட்டலாமே என்றார். கையைத் தட்டிவிட்டேன். தூங்குகிற மீனைக் கிளறினால் அடிபடும், பயத்திலேயே செத்தும் போகலாம். என் மானம் போனாலும் போகட்டும் என்று நின்றேன். போயே விட்டது. அடுத்து நடந்த ஒரு கல்யாணத்தில் ஆளாளுக்கு என்னிடம், "மண்ணு தொட்டி எப்டி கீது?" என்று விசாரித்தார்கள். "செத்தத பொதச்சு வச்சுகினு தூங்குதுன்றா" என்று நாத்தனார் சொன்னதும் என் காதுக்கு வந்தது. அதுதான் சுட்டது. உயிரோடு வைத்திருக்க நான் படும் பாடு எனக்கல்லவா தெரியும்!

"கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்று கணவரிடம் பொரிந்தேன்.

"கழுத யாரு, எங்க அக்காவா?"

"நான் யாரையும் சொல்லல."

நோன்பு மாதம் நெருங்கியது. வருடா வருடம் ஒருநாள் கணவர் வீட்டார் எல்லோரும் எங்கள் வீட்டில்தான் நோன்பு திறப்பார்கள். நோன்பு திறப்பது சூரியன் மறைந்து மஃரிப் பாங்கு சொல்லும்போது. என் மீன்கள் படுக்கைக்குப் போவதும் அதே நேரத்தில். அன்றைக்கும் வெறும் மணலைக் காட்டினால் அந்தப் பட்டப்பெயர் என் கபர்க்குழி வரைக்கும் கூட வரும்.

சரி, சூரியனையே தள்ளி வைத்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். தொட்டி விளக்கின் டைமரைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு நகர்த்தினேன். பகல் வெளிச்சம் படாமல் ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டேன். முதலில் மீன்கள் பிடிவாதமாகப் பழைய நேரத்துக்கே படுத்தன. பிறகு வழிக்கு வந்தன. விருந்து நாள் வருவதற்குள் என் கூடத்தில் சூரியன் மதியம் உதித்து, ஊர் சாப்பிட்டு முடித்த பிறகு மறைந்தது. சொல்லித்தர ஆளில்லாமல் நானே யோசித்துச் செய்தது இது.

அன்று எல்லோரும் வந்தார்கள். தொட்டி ஜெகஜ்ஜோதியாக எரிந்தது. நாத்தனார் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பேரீச்சம்பழம் கடித்து நோன்பு திறந்தார், தொழுதார், வடையைத் தின்றார். கஞ்சிக் கோப்பையோடு ஒருவழியாகத் தொட்டிப் பக்கம் திரும்பினார். மஞ்சள் மீன் கண்ணாடியருகே வந்து கண்ணை உருட்டி அவரைப் பார்த்தது. "அட" என்று அவர் வாய் திறக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது.

ஜெனரேட்டர் ஓடிக் கூடத்து விளக்கு மட்டும் வந்தது. தொட்டி விளக்கு அந்த லைனில் இல்லை. மங்கலில் மஞ்சள் மீன் விருட்டென்று கீழே போய், தலையைக் கொடுத்து மணலுக்குள் மறைந்தது. பச்சையும் பாய்ந்தது. புள்ளி மீன் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் புதைந்தது. இத்தனை நாள் உழைப்பும் போயிற்றே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நாத்தனார் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டுக் கண்ணாடிக்கு அருகே குனிந்தார். கிளம்பிய தூசி அடங்கி, மணல் அவர் முதல் தடவை வந்து பார்த்த மாதிரியே சமமாகக் கிடந்தது. அவர் நகரவில்லை.

"அப்போ அன்னிக்கும் இதுங்க இங்கதான் இருந்துச்சுங்களா?"

"ஆமாக்கா. மூணும்."

கரண்ட் வந்தது, தொட்டி மறுபடி பளிச்சென்று எரிந்தது. என் கொழுந்தன், "எழுப்புங்க அண்ணி, பாக்கலாம்" என்று கண்ணாடியைத் தட்டப் போனான். நாத்தனார் அவன் கையில் பட்டென்று ஒன்று வைத்தார்.

"தூங்கிகினு கீதுல்ல? லைட்ட அணைம்மா, பாவம்."

அணைத்தேன். வீட்டுக்கு வந்தவர்கள் ஒவ்வொருவரையும் அவரே அழைத்துவந்து, எது எங்கே புதைந்தது என்று விரலால் காட்டினார், அதுவும் குரலைத் தாழ்த்தி. 'நல்லா கீது' என்று மட்டும் அன்றும் சொல்லவில்லை. வெறும் மணலைப் பார்க்க ஒரு குடும்பமே வரிசையில் நின்றுகொண்டிருந்தது. நான் தொட்டிக்குப் பக்கத்தில் கைகட்டிக்கொண்டு, நிமிர்ந்து நின்றேன்.