பிரியாணி கவருக்குள் ஒரு நட்சத்திரம்

எங்கள் ஆம்பூர் ஷூ கம்பெனியில் வெள்ளிக்கிழமை மதிய இடைவேளை நீளமானது. ஜும்மா தொழுகைக்குப் போனவர்கள் திரும்பி வந்து சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் மிஞ்சும். அந்த நேரத்தில் கேன்டீனில் வானத்தைப் பற்றிப் பேச, தோல் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் எனக்கு மேனேஜர் அனுமதி கொடுத்திருந்தார். கார்த்திகை இரண்டாம் வெள்ளியன்று நான் பேசியபோது ஏழு பேர் தூங்கினார்கள், நாட்குறிப்பில் இருக்கிறது. இன்னொரு முறை அப்படி ஆனால் அந்த அரை மணி கேரம் ஆட்டத்துக்குப் போய்விடும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

ஆகவே தை கடைசி வெள்ளிக்கு நன்றாகத் தயாரானேன். பேச்சு, கருமேகங்களுக்குள் பிறக்கும் நட்சத்திரங்களைப் பற்றியது. அவை மழை மேகங்கள் அல்ல. வாயுவும் மிக நுண்ணிய தூசியும். கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தூசி மறித்துவிடும். அலைநீளம் கூடிய அகச்சிவப்புக் கதிர் ஊடுருவி வந்துவிடும். அதைப் பிடிக்கும் தொலைநோக்கியில், வெறும் இருட்டாக இருந்த இடத்தில் இளம் நட்சத்திரங்கள் கூட்டமாகத் தெரியும்.

இதைக் காட்டுவதற்காக எலக்ட்ரீஷியன் பாயிடம் வெப்பக் கேமராவைக் கேட்டேன். பேனல் போர்டில் எந்த ஒயர் சூடாகிறது என்று பார்க்க அவர் வைத்திருப்பது. சூடான ஒயரிலிருந்தும் நம் கையிலிருந்தும் வரும் அகச்சிவப்பை அது படமாகக் காட்டும். கருமேகத்துக்கு, ஸ்டோரில் இருந்ததிலேயே மெல்லிய கறுப்பு ஆட்டுத்தோலை எடுத்துவந்தேன். எனக்கு வேறெதுவும் தோன்றவேயில்லை.

பாய் தோலுக்குப் பின்னால் கையை நீட்டினார். நான் பிடித்திருந்த கேமராவின் திரையில் தோல் மட்டுமே தெரிந்தது.

"இன்னா சார், நட்சத்திரம் இன்னைக்கு லீவா?" என்றார் தையல் பிரிவு சூப்பர்வைசர் அக்கா. கேன்டீனே சிரித்தது. பின்னால் கேரம் போர்டை இறக்கும் சத்தம் கேட்டது.

"இருங்க சார்," என்ற பாய், வீட்டுக்கு வாங்கி வைத்திருந்த பிரியாணியை வெளியே எடுத்துவிட்டு, அது வந்த மெல்லிய கறுப்பு கவரை அக்காவிடம் கொடுத்தார். "விரிச்சுப் புடிங்க. பார்சல் மேல யாரும் கைய வைக்காதீங்க, வீட்ல பேஜார் ஆயிடும்."

கவருக்குப் பின்னால் கையை நீட்டினார். கண்ணுக்குக் கறுப்பு கவர்தான். திரையிலோ ஐந்து விரல்களும் மஞ்சளாக ஒளிர்ந்தன. எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள்.

"அப்ப லெதர் மாதிரி மேகமும் இருக்கா சார்? இதுலயும் தெரியாத மாதிரி?" என்று அக்கா கேட்டார்.

நான் எதிர்பார்க்காத கேள்வி. "இருக்குங்க," என்றேன். மிக அடர்ந்த மேகங்கள் அகச்சிவப்பிலும் கறுப்பாகவே தெரியும். உள்ளே பார்க்க இன்னும் நீண்ட அலைகள் வேண்டும்.

"அப்போ உங்க தோலும் வீணாப் போகல," என்றார் பாய்.

மணி அடிப்பதற்குள் மேனேஜரே கவருக்குப் பின்னால் முகத்தை வைத்து, "நான் தெரியறேனா?" என்றார்.

"தெரியறீங்க சார். மூக்கு மட்டும் ஆறிப்போயிருக்கு!" என்றார் அக்கா.

தூங்கியவர் யாருமில்லை என்று எழுதி வைத்தேன். கேரம் போர்டு இப்போது ஸ்டோரில், என் மேசைக்குப் பின்னால் இருக்கிறது.