சந்தனப் பொட்டு வைத்த சர்வர்கள்

போன வாரம் சரஸ்வதி பூஜையன்று எங்கள் வீட்டில் ஒரு லேப்டாப்புக்காகச் சண்டை நடந்தது. கேட்டவள் என் மகள் நித்யா. தரமாட்டேன் என்று நின்றவள் நான். லேப்டாப் இருந்த இடம்... சரஸ்வதி படத்துக்கு முன்னால், பட்டுத் துணிக்கு அடியில்.

திருவனந்தபுரத்து வாசகர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே அஷ்டமி சாயங்காலமே புத்தகம், பேனா எல்லாவற்றையும் பூஜைக்கு வைத்துவிடுவோம். விஜயதசமி காலையில்தான் எடுப்போம். நடுவில் படிக்கக் கூடாது, எழுதக் கூடாது. என் பேனாவும் அங்கேதான் இருந்தது. இந்தப் பத்தி ஏன் தாமதம் என்று கேட்ட ஆசிரியருக்கு இதுதான் பதில்!

நித்யாவுக்கு வீட்டிலிருந்தே வேலை. என்ன வேலை? அதுதான் எனக்கு இன்றுவரை குழப்பம். இங்கே ஆரியசாலையில் எங்கள் மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, திருநெல்வேலியில் இருக்கிற மூன்று கம்ப்யூட்டர்களை மேய்க்கிறாள். அங்கே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். சுற்றுவட்டாரத்தில் நிறையக் கிளைகள். எல்லா ரிப்போர்ட்டும் அந்த மூன்று சர்வர்களுக்குள் இருக்கிறது. மூன்றும் சேர்ந்து ஒன்றாக வேலை செய்யுமாம். அதற்குப் பெயர் கிளஸ்டராம்.

"ஒண்ணா வேலை செய்யறதுக்கு எதுக்கு மூணு? ஒண்ணே போதாதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒண்ணு போனா மத்தது பாத்துக்கும் அம்மா, அதுக்கு" என்றாள்.

சரி, கூட்டுக் குடும்பம் என்று நினைத்துக்கொண்டேன். அவள் பார்க்காத, தொடாத மூன்று இயந்திரங்கள். அவற்றுக்குக் காய்ச்சல் வந்தால் இவளுக்குத் தூக்கம் போகிறது. இதெல்லாம் ஒரு உத்தியோகம்!

பூஜையன்று காலை நான் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். மாடியிலிருந்து ஓடி வந்தாள். கையில் போன், முகத்தில் ரத்தமே இல்லை.

"அம்மா, ரெண்டு சர்வர் போயாச்சு. லேப்டாப் வேணும்."

"மக்ளே, நாளைக்குக் காலம்பற எடுத்துக்கலாம்."

"அய்யோ, நாளைக்கா? எந்தா அம்மா இது!"

"மூணுல ரெண்டுதானே போச்சு? ஒண்ணு இருக்குல்லா? அது பாத்துக்கும்னு நீதானே சொன்னே?"

அவள் திருநெல்வேலிக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் வந்தவர் அந்த நிலையத்தின் மேனேஜர் பேச்சிமுத்து அண்ணாச்சி.

"அங்கிளே, சர்வர் ரெண்டும் ஆஃப் ஆயிருக்கு. கரண்ட் இல்லையா?"

"கரண்டெல்லாம் இருக்கும்மா. இன்னைக்கு ஆயுத பூஜைல்லா? நாந்தான் பிளக்க உருவி, ரெண்டையும் ஈரத் துணி வச்சுத் தொடச்சி, சந்தனப் பொட்டு வச்சிருக்கேன். மொதலாளி தென்காசியில இருந்து வந்துக்கிட்டிருக்காரு. வந்து சூடம் காட்டுனதும் போட்டுருதேன்."

நித்யா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"மூணையும் அமத்துத அளவுக்கு நா என்ன கூறுகெட்டவனாம்மா?" அண்ணாச்சி குரலில் கொஞ்சம் பெருமை. "ஒண்ண ஓட விட்டுருக்கேன். ஒண்ணு போனா மத்தது பாத்துக்கிடும்னு நீங்கதானே சொன்னிய? ஆனா அதுவும் முழிச்சிக்கிட்டு நிக்கி, ஒண்ணும் காட்ட மாட்டேங்கி. இங்க வேற ஒருத்தர் கவுன்டர்ல நின்னு அழுதாரு. பொண்டாட்டிக்கு ஆபரேஷனாம், வயித்துப் பிள்ளக்காரி. நேத்து எடுத்த ரத்த ரிப்போர்ட்ட பாத்தாத்தான் டாக்டர் கத்திய எடுப்பாராம். மறுபடி டெஸ்ட் எடுத்தா நாளாவும்."

அடுப்பை அணைத்தேன்.

ஆனால் குழப்பம் மட்டும் போகவில்லை. ஓடுகிற ஒன்று ஏன் வேலை செய்யாது? அதற்குள்ளேயும் எல்லா ரிப்போர்ட்டும் இருக்கிறதாமே? கையும் காலும் நன்றாக இருக்கிற ஆள் எதற்காகச் சும்மா நிற்க வேண்டும்?

நித்யா மூச்சு விடாமல் சொன்னாள். "அம்மா, தனியா ஆயிட்டா அதுக்கு ஒண்ணும் அறியாது. மத்த ரெண்டும் செத்துப்போச்சா, இல்ல தன்னோட கேபிள்தான் அறுந்துபோச்சான்னு தெரியாது. அங்க அது ரெண்டும் உயிரோட ரிப்போர்ட் எழுத, இங்க இவனும் எழுதினா எது சரி? அதனால பேசாம நின்னுடும். கூட ஒருத்தனைக் கண்ணால கண்டாத்தான் வேலை செய்யும்."

"அப்ப நீ இங்கேருந்து சொல்லேன், தைரியமா ஓடுன்னு?"

"சொல்லலாம். பின்னே மத்தது எழும்பும்போ ரெண்டும் நான்தான் பெரியவன்னு நின்னா? ஆளோட ரிப்போர்ட் மாறிப்போகும் அம்மா. ரத்தம் அல்லே, விளையாட்டா?"

எனக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை.

"அங்கிளே, ஒண்ணே ஒண்ணுல பிளக்கைச் சொருகுங்க. ப்ளீஸ்."

அண்ணாச்சி குரல் இறங்கியது. "பூஜையில வச்சத எப்பிடிம்மா எடுக்கது? சூடம் காட்டலயே. மொதலாளி இப்ப வந்துருவாரு."

அவர் கெட்டவர் இல்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும். ஏனென்றால் அந்த நிமிடம் நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன்... பூஜையறை வாசலை மறித்துக்கொண்டு, கையில் கரண்டியோடு!

அங்கே ஒரு பெண் வயிற்றுப் பிள்ளையோடு படுத்திருக்கிறாள். இங்கே நான் ஒரு பட்டுத் துணிக்குக் காவல் நிற்கிறேன். என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. உள்ளே போனேன். "தாயே, மன்னிச்சுக்கோ" என்று துணியை விலக்கினேன். லேப்டாப்பை எடுத்து மகள் கையில் கொடுத்தேன். குங்குமம் கீ போர்டெல்லாம் உதிர்ந்தது. போனை நான் வாங்கிக்கொண்டேன்.

"அண்ணாச்சி, நான் நித்யாவுக்க அம்மை பேசுகேன். நாகர்கோவில்காரிதான். இங்க நானும் லேப்டாப்பைப் பூஜையில வச்சிருந்தேன். இப்பம் எடுத்துக் குடுத்துட்டேன். நாளைக்குத்தான் எடுக்கணும், ஆனா எடுத்துட்டேன். நீங்களும் எடுங்க. குத்தம்னா ரெண்டு பேருக்கும் சேத்துதான் வரும்."

"எடுத்துட்டியளா?"

"எடுத்துட்டேன்."

"நெசமாவா?"

"சரஸ்வதி முன்னால நின்னு பொய் சொல்லுவேனா அண்ணாச்சி?"

ஒரு பெருமூச்சு கேட்டது. "அப்பம் சரி தாயி. இந்தா சொருகுதேன்."

நித்யா லேப்டாப்பைத் திறந்து எதையெதையோ தட்டினாள். திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தது மட்டும் தெரிந்தது. அப்புறம் நாற்காலியில் சாய்ந்தாள். "வந்தாச்சு. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு கண்டாச்சு." போனில் பிரின்டர் ஓடும் சத்தம் கேட்டது. அங்கே யாரோ ரிப்போர்ட்டோடு தடதடவென்று படியிறங்கி ஓடினார்கள்.

இதைத்தான் ஒரு வாரமாக யோசிக்கிறேன். அந்த ஒற்றை சர்வர் ஏன் நின்றது என்று அன்றைக்கு நான் அத்தனை கேள்வி கேட்டேனே... மேனேஜரும் அப்படித்தானே நின்றார்? மனசு இல்லாமலா? இல்லை. தப்போ சரியோ, கூட ஒருத்தர் செய்கிறார் என்று தெரிந்தால்தான் நமக்கெல்லாம் கை எழும்புகிறது. இயந்திரத்துக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? நம்மைப் பார்த்தா? எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

சாயங்காலம் அண்ணாச்சியே கூப்பிட்டார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம். பெண் குழந்தை. அம்மாவும் பிள்ளையும் நலம். நித்யா போனை வைத்துவிட்டு விசும்பி விசும்பி அழுதாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை. எனக்கும் கண் நிறைந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டேன். "மக்ளே, விடியறதுக்கு இன்னும் நேரம் கிடக்கு. லேப்டாப்பைத் திரும்பப் பூஜையில வச்சுடட்டா?"

அவள் அதை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

"சரஸ்வதி வேணும்னா தொட்டுக்கட்டும். அம்மா தொட வேண்டா!"