சிக்னலுக்குக் காத்திருந்த கிரேன்காரர்

கிரேன்காரருக்கு உயரத்தைக் கண்டு பயமில்லை. ஐம்பத்திரண்டு வயதில் பாதியை நாற்பது மீட்டர் உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்து கழித்தவர். தரைதான் அவருக்குக் கொஞ்சம் சிரமம். தரையில் மனிதர்கள் இருக்கிறார்கள், கேள்வி கேட்கிறார்கள்.

அப்படிக் கேட்டவர்களில் யாரும் கம்பெனி டாக்டரம்மாவைப் போல அவரைக் கலங்கடித்ததில்லை. வருடாந்திரப் பரிசோதனையில் அவருடைய ரத்த அழுத்தம் நூற்று அறுபத்து நாலைத் தொட்டிருந்தது. நூற்று ஐம்பதைத் தாண்டியவர்கள் ஏணியில் கால் வைக்கக் கூடாது என்பது விதி. ஒரு மாதம் அவகாசம். அதுவரை ஸ்டோர் ரூமில் நட்டு, போல்ட்டு எடுத்துக் கொடுக்கும் வேலை. மாதக் கடைசியிலும் குறையாவிட்டால் அதுவே நிரந்தரம். இருபத்தாறு வருடம் கட்டடங்களைத் தலைக்கு மேலே தூக்கி வைத்த மனிதருக்கு, ஜன்னல் இல்லாத அந்த அறையை நினைத்தாலே இன்னும் பத்துப் புள்ளி ஏறியது.

டாக்டரம்மாவுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, சாமான் பட்டியல் எழுதுகிற தோரணையில் கேட்டார்.

"உப்பு எப்படி சார்?"

"அளவாத்தாம்மா."

"நடை?"

"கூண்டுக்குள்ள எங்கம்மா நடக்கிறது?"

"தூக்கம்?"

"வந்தா உண்டு."

"தாம்பத்யம்?"

கிரேன்காரர் திரும்பிப் பின்னால் பார்த்தார். அறையில் வேறு யாரும் இல்லை.

"பசங்க எல்லாம் பெரியவங்களாயிட்டாங்கம்மா" என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு.

"பசங்களைப் பத்திக் கேக்கல சார். உங்களைக் கேட்டேன்."

டாக்டரம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அது உடம்புக்கு நல்லது, மனசு இளகும், நல்ல தூக்கம் வரும், படபடப்பு அடங்கும் என்று வானிலை அறிக்கை வாசிப்பதுபோல் சொன்னார். மாத்திரைக்குப் பதிலாக இல்லை, மாத்திரையோடு சேர்த்து. "ரெண்டு மாடி ஏறினா நெஞ்சு வலிக்குமா? மூச்சு வாங்குமா?"

"நான் போன வாரம் வரைக்கும் நாற்பது மீட்டர் ஏணி ஏறினவம்மா."

"அப்போ கவலையே இல்ல" என்று எழுத ஆரம்பித்தார். ஒன்று, மாத்திரை, காலையில். இரண்டு, உப்பில் பாதி. மூன்று, தினமும் அரை மணி நேர நடை. நான்கு, மனைவியுடன் நெருக்கம், வாரம் இருமுறை, இருவருக்கும் விருப்பமிருந்தால். கையெழுத்துப் போட்டு, கீழே ஒரு ரப்பர் ஸ்டாம்பும் குத்தினார். கேள்வியைக்கூடக் கிரேன்காரர் ஒருவழியாகத் தாங்கிக்கொண்டார். அந்த ஸ்டாம்பைத்தான் தாங்க முடியவில்லை. கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு அதிகாரபூர்வமாக யாரும் அனுமதி கொடுத்ததில்லை.

மருந்துக் கடைக்காரர் சீட்டைக் கடைசி வரி வரைக்கும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தார். "முதல் ஐட்டம் மட்டும்தான் நம்மகிட்ட இருக்கு" என்றார்.

சீட்டை எட்டாக மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டு கிரேன்காரர் வீட்டுக்கு நடந்தார். மூன்றாவது வரியை அன்று நிறைவேற்றியதாகக் கணக்கு.

சிக்கல் நான்காவது வரியில். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு பாலம் கட்டும் வேலையில் அவருக்கு இரவு ஷிஃப்ட் போட்டார்கள். விடியற்காலையில் வந்து மனைவியை எழுப்பக் கூடாது என்று முன்னறை சோபாவில் படுத்துக்கொண்டார். பாலம் எட்டு மாதத்தில் முடிந்தது. சோபா முடியவில்லை. சண்டை இல்லை, கோபம் இல்லை. அவர் போட்ட சட்டையில் பொத்தான் அறுந்தால் மறுநாளே தைத்திருக்கும். அவள் தலைவலி என்றால் தைலம் தலைமாட்டில் இருக்கும். உலகத்திலேயே மரியாதையான இரண்டு குடித்தனக்காரர்கள்.

தொழிலில் அவர் படித்த முதல் பாடம், கீழே நிற்கிறவன் சிக்னல் கொடுக்காமல் சுமையை அசைக்கக் கூடாது என்பது. அதை ஒரு நாளும் மீறியதில்லை. அதனால் ஒரு விபத்தும் நடந்ததில்லை. வீட்டிலும் அதையே கடைப்பிடித்தார். ஒரு விபத்தும் நடக்கவில்லை. வேறெதுவும்கூட நடக்கவில்லை.

ஸ்டோர் ரூமில் ஒரு வாரம் ஓடியது. அவரோடு பல வருடம் கீழே நின்று கையசைத்த சிக்னல்காரன், தளத்தில் எல்லாரும் 'விசில்' என்று கூப்பிடுகிறவன், போல்ட்டு வாங்க வந்து கம்பி வலையில் முகத்தைப் பதித்தான்.

"என்னண்ணே, கூண்டுக்கிளி கூண்டு மாறிடுச்சு போல? டாக்டரம்மா என்னதான் சொன்னாங்க?"

"உப்பைக் குறைக்கச் சொன்னாங்கடா."

"உப்புக்கா மூஞ்சி இப்படிச் செவக்குது?"

கிரேன்காரர் அரை அங்குல போல்ட்டு கேட்டவனுக்கு முக்கால் அங்குலத்தைக் கொடுத்து அனுப்பினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு பாவாடையின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள். துணிக்கடை ஒன்றுக்கு அளவு திருத்திக் கொடுக்கிறவள். வேலையில் இருக்கும்போது வாயில் நாலைந்து குண்டூசி இருக்கும். அவள் வாயடைத்திருக்கும் நேரம் இதுதான் என்று கணித்து, அவர் சீட்டைப் பிரித்து அவள் மடியில் வைத்தார்.

"டாக்டரம்மா கொடுத்தது. நாலாவதைப் பாரு. நான் சொல்லல, அவங்கதான் சொன்னாங்க."

அவள் படித்தாள். பிறகு வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசித் திண்டில் குத்தினாள். ஐந்து ஊசி. அந்த நேரத்தில் கிரேன்காரரின் அழுத்தத்தை யாரும் அளக்காதது அவர் உத்தியோகத்துக்கு நல்லது.

"இதைத்தானே ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எனக்கும் சொன்னாங்க" என்றாள்.

"யாரு?"

"இதே பொண்ணுதான். தூக்கம் வரலைன்னு உங்க கம்பெனி டாக்டர்கிட்ட போனேன்ல? உங்க வீட்டுக்காரர்கிட்ட பேசுங்கன்னுச்சு."

கிரேன்காரர் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். "ஏன் சொல்லல?"

"நீங்கதான் சோபாவோட குடித்தனம் நடத்திட்டிருந்தீங்களே. நடுவுல நான் எதுக்குன்னு விட்டுட்டேன்."

"எனக்கு உங்கிட்ட இருந்து ஒரு சிக்னலும் வரலையே!"

"சிக்னலா?" அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "பதினோரு வருஷமா அதுக்கா காத்திருந்தீங்க? நான் என்னவோ, நரைச்சுப் போனது பிடிக்கலையாக்கும்னு நெனச்சேன்."

இது அவரை உலுக்கிவிட்டது. டாக்டரம்மாவின் கேள்வி, ஸ்டாம்ப், இரண்டு வருடப் பழைய ரகசியம் எல்லாம் இதற்கு முன் ஒன்றுமில்லை. அவளுக்கு நரை விழுந்திருக்கிறது என்பதையே அவர் அப்போதுதான் கவனித்தார். நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்லவும் செய்தார், பாதி வார்த்தைகளை விழுங்கி.

கல்யாணமான புதிதில் தொழில் சைகைகளை அவளுக்கு விளையாட்டாகக் கற்றுக் கொடுத்திருந்தார். மறந்திருப்பாள் என்று நினைத்திருந்தார். அவள் மடியிலிருந்த பாவாடையை ஓரமாக வைத்தாள். ஒரு கையை நீட்டி, விரல்களைத் தன் பக்கமாக மெல்ல மடக்கினாள்: இந்தப் பக்கம் வா. மற்றக் கையை அதன் மேலே அசையாமல் பிடித்தாள்: மெதுவாக.

விதிப்படி, சிக்னல் கிடைத்துவிட்டது. கிரேன்காரர் எழுந்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்.

மூன்று வாரம் கழிந்தது. சோபாவில் துணிக்கடைப் பொட்டலங்கள் ஏறிக்கொண்டன. அவள் விடிய விடியப் புரளுவதை நிறுத்தினாள். அவர் ஸ்டோர் ரூமில் பாட்டு முணுமுணுக்க, விசில் கம்பி வலைக்கு வெளியே நின்று, "உப்பைக் குறைச்சா இவ்வளவு குஷியா? நானும் குறைக்கிறேண்ணே" என்றான்.

மாதக் கடைசியில் மனைவியும் கூட வந்தாள். டாக்டரம்மா கைப்பட்டையைக் கட்டிக் காற்றடித்தார், இறக்கினார், நம்பாமல் மறுபடி அளந்தார். நூற்று முப்பத்தாறுக்கு எண்பத்து நாலு. தகுதிச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார்.

"எதனால குறைஞ்சுது டாக்டர்?" என்று கிரேன்காரர் கேட்டார். கேட்டிருக்கக் கூடாது.

"முக்கியமா மாத்திரைதான். மத்ததும் கைகொடுத்திருக்கும். தனித்தனியா பிரிச்சுச் சொல்ல முடியாது சார். நாலையும் ஒழுங்காச் செஞ்சீங்களா?"

கிரேன்காரர் கூரையைப் பார்த்தார். நாற்பது மீட்டர் உயரமாவது இருந்திருக்கலாம்.

மனைவிதான் வாயைத் திறந்தாள். ஊசி எதுவும் இல்லாத வாய்.

"நடைக்குத்தான் டாக்டர் நேரமே கிடைக்கல."

டாக்டரம்மாவின் பேனா கீழே விழுந்தது. கிரேன்காரர் சான்றிதழை எடுத்துக்கொண்டு, யாருடைய சிக்னலுக்கும் காத்திராமல் வெளியே போனார்.