சாணி குடித்த படகு

இன்ஜின் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் எங்கள் வயலில் ஓடும் டீசல் பம்புசெட்டை, மெக்கானிக் கை படாமல் பல வருஷமாக ஓட்டி வருகிறவன் நான். அதனால் அதிராம்பட்டினத்து நண்பன் போனில், "படகு இன்ஜின்ல தண்ணி ஒழுகுது மாப்ள" என்றதும் ஸ்பானர் பையோடு பஸ் ஏறிவிட்டேன்.

வளைகுடாவில் ஒரே அறையில் கிடந்தவர்கள் நாங்கள். ஊர் திரும்பியதும் நான் நிலம் வாங்கினேன், அவன் ஒரு பழைய பாய்மரப் படகு வாங்கினான். காற்று இல்லாத நேரத்துக்கு உள்ளே ஒரு டீசல் இன்ஜினும் உண்டு. அது கடல் தண்ணீரை உறிஞ்சி, தன் சூட்டைத் தணித்துக்கொண்டு, பின்பக்கக் குழாய் வழியாக வெளியே துப்ப வேண்டும். இதுவோ பாதியைப் படகுக்குள்ளேயே துப்பியது. இரண்டு தடவை சூடேறிக் கடலில் நின்று, மீன்பிடிக்கிறவர்கள் கட்டி இழுத்து வந்தார்கள்.

அவன் மனைவி கெடு வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அவரையும் ஏற்றிக்கொண்டு கடலுக்குள் போய்த் திரும்ப வேண்டும். நடுவில் நின்றால், ரொம்ப நாளாக விலைக்குக் கேட்டுக்கொண்டிருக்கும் ஆளுக்கே படகை விற்றுவிட வேண்டும். இதைச் சொன்னபோது நண்பனின் குரல் உள்ளே போய்விட்டது. எனக்குப் பாவமாக இருந்தது.

நான் போனது வெள்ளிக்கிழமை. தண்ணீர் பம்பிலிருந்துதான் ஒழுகியது. அவன் ஜும்மா தொழுகைக்குப் போன நேரத்தில் வேலையை முடித்து அசத்திவிட நினைத்தேன். எங்கள் பக்கம் பம்பு ஒழுகினால் சாணியைக் கரைத்து ஊற்றுவோம், ஓட்டை இருக்கும் இடத்தில் போய் அடைத்துக்கொள்ளும். டீக்கடைக்குப் பின்னால் ஒரு மாடு நின்றது. வாளியில் கரைத்து, உறிஞ்சும் குழாயை அதற்குள் விட்டு, இன்ஜினை ஓட்டினேன். ஒழுகல் நின்றது. நண்பன் வந்து பார்த்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தான்.

கொஞ்ச நேரம்தான். பின்பக்கக் குழாயில் தண்ணீர் வருவது நின்றது, இன்ஜின் மேல் ஆவி கிளம்பியது. அவசரமாக அணைத்தான்.

"என்னடா ஊத்துன?"

சொன்னேன். அவன் வாளியை முகர்ந்து பார்த்தான். அப்புறம் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். என் தலைக்கனம் அங்கேயே இறங்கியது.

சனிக்கிழமை முழுக்க இரண்டு பேரும் இன்ஜினோடு மல்லுக்கட்டினோம். மெல்லிய குழாய்களில் சிக்கியிருந்த வைக்கோல் துணுக்குகளை விளக்குமாற்றுக் குச்சியால் குத்தி எடுத்தோம். ஒழுகலுக்கு உண்மையான காரணம் பம்புக்குள் தேய்ந்துபோன ரப்பர் சீல். பட்டுக்கோட்டையில் புதுசு வாங்கி மாற்றினோம். எண்ணெய்க் கையோடு அவன் வீட்டுப் பிரியாணியைத் தின்றது நன்றாகவே நினைவிருக்கிறது.

ஞாயிறு காலை, கடல் ஏறியிருந்த நேரத்தில் கிளம்பினோம். அவன் மனைவி வேடிக்கை பார்க்கவே இல்லை. பின்பக்கம் உட்கார்ந்து குழாயையே பார்த்தார்.

"தண்ணி வருதா?" சுக்கானைப் பிடித்தபடி நண்பன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

"வருது."

அலையாத்திக் காடு பின்னால் சின்னதாகிப் போனது. இன்ஜினை அணைத்துப் பாய் விரித்தோம். சத்தம் அடங்கியதும் அவர் முதல்முறையாகத் தலை நிமிர்ந்தார். கையைத் தண்ணீரில் அளைந்தபடியே வந்தார். திரும்பும்போது காற்று விழுந்துவிட, இன்ஜினைப் போட்டோம். அவர் மறுபடி குழாயைக் குனிந்து பார்த்தார்.

"அண்ணே, வைக்கோல் வருது."

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். "கடலுக்கே சாணி தெளிச்சிட்டீங்களா?" என்று சிரித்தார். எனக்கு வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்து வந்தது.

அப்போது நண்பனின் போன் அடித்தது. படகு கேட்ட ஆள். நண்பன் எடுக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி கை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார்.

"படகு விக்கிறதுக்கு இல்லைங்க. அடுத்த ஞாயித்துக்கிழமையும் நாங்க போறோம்."

நண்பன் சுக்கானை விட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தான். படகு பாட்டுக்கு ஒரு வட்டம் போட்டது. நாங்கள் யாரும் அதைத் திருப்ப அவசரப்படவில்லை.