சுந்தரவல்லி மிஸ்ஸின் ஐந்து கேள்விகள்

மந்தைவெளியில் சுந்தரவல்லி மிஸ் வீடு எது என்று கேட்டால் ஆட்டோக்காரர்கூட வழி சொல்வார். வாடகைக்கு எடுத்த ஒரு கார் ஷெட்டில் மூன்று வயதுப் பிள்ளைகளை உட்கார வைத்து எல்.கே.ஜி. இண்டர்வியூவுக்குத் தயார் செய்துகொண்டிருந்தாள். மூன்று வயதுக்கு இண்டர்வியூவா என்று சிரிக்கிறவர்கள், தொண்ணூறுகளில் அடையாறு பக்கம் ஒரு ஸீட்டுக்கு அலைந்து பார்க்காதவர்கள். ஒன்பது வருஷத்தில் அவளிடம் படித்த ஒரு பிள்ளைக்குக்கூட ஸீட் இல்லை என்று ஆனதில்லை. கைராசி என்றார்கள். பி.எட். முடித்தும் எந்தப் பள்ளியிலும் வேலை கிடைக்காத அவளுக்கு அந்தப் பேர் ஒன்றுதான் மிச்சம்.

ராசியுமில்லை, மண்ணுமில்லை. எல்லாப் பள்ளியிலும் கேட்பது அதே ஐந்து கேள்வி, அநேகமாக அதே வரிசையில். பேர் என்ன, அப்பா பேர் என்ன, வயசு என்ன, இந்தப் பந்து என்ன கலர், கடைசியில் ஒரு பாட்டு. பிள்ளையை முழங்காலோடு முழங்கால் இடிக்க எதிரே உட்கார வைத்து, பஸ் டெப்போ வரை எட்டும் குரலில் அந்த ஐந்தையும் உருப்போட வைப்பாள்.

தொண்ணூற்றைந்தில் விஜயதசமியன்று சேர்ந்தவன் பரத்வாஜ். மற்றதுகள் சுவரில் பல்லியைப் பார்க்கும், மூக்கை நோண்டும். இவன் மட்டும் மிஸ்ஸின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான். மழலை கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். இப்படி ஒரு சமர்த்தை அவள் பார்த்ததே இல்லை.

கார்த்திகை மழையில் ஒரு நாள் அவன் அம்மா ஸ்ரீரஞ்சனி குடையை மடக்கியபடி தயங்கி நின்றாள். ஆவணியில் ஒரு கடும் காய்ச்சல் வந்து போனதிலிருந்து, அடுக்களையிலிருந்து கூப்பிட்டால் பிள்ளை திரும்புவதே இல்லை, காது டாக்டரிடம் காட்டலாமா என்று கேட்டாள். சுந்தரவல்லி சிரித்துவிட்டாள்.

"என்கிட்ட அத்தனைக்கும் பதில் சொல்றானே. ஆத்துல விளையாட்டு புத்தி. இப்போ போய் ஆஸ்பத்திரின்னு அலைஞ்சு கிளாஸைக் கெடுத்துக்காதேங்கோ."

மிஸ் சொன்னால் வேதவாக்கு. ஸ்ரீரஞ்சனி போய்விட்டாள்.

மார்ச்சில் இண்டர்வியூ. பள்ளி கேட்டுக்கு வெளியே சுந்தரவல்லி காத்திருந்தாள். உள்ளே நடந்ததை ஸ்ரீரஞ்சனிதான் வந்து சொன்னாள். ஹெட்மிஸ்ட்ரஸ் மெல்லிய குரல்காரி. விண்ணப்பத்தைப் பார்த்தபடியே முதலில் பந்தின் கலரைக் கேட்டாள். பிள்ளை தன் பேரைச் சொன்னான். வீட்டில் யார் யார் என்று கேட்டாள். அப்பா பேரைச் சொன்னான். சாப்பிட்டாயா என்றதற்கு மூன்று வயசு என்றான். அந்த அம்மாள் எழுந்து அவன் பின்னால் போய்ப் பலமாகக் கை தட்டினாள். அவன் திரும்பவில்லை. அடுத்த கேள்விக்காக, காலியான நாற்காலியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றான்.

கேட்டதும் சுந்தரவல்லிக்கு முதலில் தோன்றியது, ஒன்பது வருஷப் பேர் போயிற்றே என்பதுதான். அதற்காக அவள் தன்னை மன்னித்துக்கொள்ளவே இல்லை.

பத்து நாள் கழித்து, சிலேட்டையும் தண்ணீர் பாட்டிலையும் வாங்கிப் போக ஸ்ரீரஞ்சனி மகனோடு வந்தாள். அவன் மார்பில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு மிஷின், அதிலிருந்து காதுக்கு ஒரு ஒயர். எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்த சுந்தரவல்லி, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். ஸ்ரீரஞ்சனி அழவில்லை, சண்டை போடவுமில்லை.

"முன்னாடியே மிஷின் வெச்சிருந்தா இருந்த பேச்சாவது தங்கியிருக்குமாம். இப்போ ஒவ்வொண்ணா மறந்துண்டே வரான். ஆறு மாசம் ஏன் அழைச்சுண்டு வரலைன்னு டாக்டர் கேட்டார், எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. நான் பெத்தவ, மிஸ். எனக்குத் தெரிஞ்சுது. நீங்க சொன்னேள்னு பேசாம இருந்துட்டேன்."