தெய்வநாயகியின் மூக்கு

ஆட்டின் தாடையை இடது கையில் ஏந்தி, கட்டை விரலைக் கடைவாயில் நுழைத்து, திறந்த வாய்க்குள் மூக்கை வைத்து நீளமாக ஓர் இழுப்பு. பிறகு அடுத்த ஆடு. காலையில் பட்டியைத் திறந்துவிடுமுன் சினை ஆடுகள் எல்லாவற்றுக்கும் தெய்வநாயகி இந்த மரியாதையைச் செய்துவிடுவாள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அடுத்த தோட்டத்து இன்பமேரி வேடிக்கை பார்ப்பாள். பார்க்க ஆள் இருந்தால் இழுப்பு இன்னும் நீளும்.

“ராசிபுரத்துல ஒரு ஆடு ஏப்பம் உட்டா இங்க எனக்கு வாசம் தெரியுமாக்கும்” என்பாள். கேட்டவர் சிரித்தால் கோபிக்கமாட்டாள், இறங்கி வருவாள். “சரி உடு, ராசிபுரம் தூரந்தான். நம்ம பால் சொசைட்டி வரைக்கும்னு வெச்சுக்க.”

ஐம்பதைத் தாண்டிவிட்டாள். சேலைக்கு மேல் கணவனின் பழைய முழுக்கைச் சட்டை. அதன் பையில் செல்போனும் ஒரு பிடி மக்காச்சோளமும். ஆடுகளுக்குப் பெயர் வைக்கமாட்டாள். “பேரு வெச்சா விக்கறப்ப அழுகாச்சி வரும்.” ஆனால் ஒவ்வொன்றின் பாட்டி யார், அந்தப் பாட்டி யார் வேலியைத் தாண்டி அடி வாங்கியது என்பதெல்லாம் அத்துப்படி. பட்டியில் அவள் பின்னாலேயே கணவர் காளியண்ணன் வருவார். ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் லாரியில் வடக்கே போய்ப் பல வருடம் கம்ப்ரசர் பக்கத்தில் நின்றவர். காது மந்தம். அதனால் ஊருக்கே காது மந்தம் என்ற நினைப்பில்தான் பேசுவார்.

அன்று இன்பமேரி வேலியைச் சுற்றி வரவில்லை, தாண்டியே வந்தாள். அவளிடம் இருப்பது ஒரே ஒரு மேச்சேரிச் செம்மறி. தாயில்லாக் குட்டியாக வந்து பால்புட்டியில் வளர்ந்தது. அவள் அடுப்படிக்குப் போனால் அதுவும் பின்னால் போகும். ஈனப் போகும் நேரத்தில் நேற்றிலிருந்து தீனி தொடவில்லை; சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு பல்லை நறநறவென்று கடிக்கிறது. கண்ணெதிரே கையை ஆட்டினாலும் இமைக்கவில்லை. பாம்பு தீண்டியிருக்கும் என்று பார்த்தவர்கள் சொல்லிவிட்டார்கள்.

தெய்வநாயகி கணவனோடு வந்து ஆட்டின் வாயைத் திறந்து மோந்தாள். நீளமாக. இன்னொரு தடவையும். “ஏனுங்க, தலையப் புடிங்க” என்றாள் கணவனிடம். அவர் குனிந்து பிடித்தார், முகம் சுளித்தார், அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். ஈ ஓட்டுகிறார் என்று மேரி நினைத்துக்கொண்டாள்.

“தின்னர் வாசம்!” என்றாள் தெய்வநாயகி உடனே. “லாரிக்குப் பெயிண்ட் அடிக்கிற பட்டறையாட்டம். பாம்பு இல்லை அம்மிணி. தீனியக் கொறைச்சியா?”

“ஆமாங்க்கா. கடைசியில நெறையப் போட்டா குட்டி பெருத்து, ஈன முடியாம தவிக்கும்னு எல்லாருந்தான சொல்றாங்க?”

“எல்லாருமா வந்து ஈனப் போறாங்க? உள்ள ரெண்டு கெடக்கும்போல இருக்குது. தீனி பத்தாம இது தன் கொழுப்பையே கரைச்சு ஊட்டுது. கரையறது விசமாவுது.”

“மேச்சேரி ஆடு எங்கீங்க்கா ரெண்டு போடுது?”

“போடறப்ப போடும். உன்னைக் கேட்டுட்டா போடும்?” என்றபடியே கால்நடை மருத்துவர் ஷாலினிக்குப் போன் போட்டாள்.

ஸ்கூட்டரில் வந்த ஷாலினி, ஆட்டின் சிறுநீரில் ஒரு தாளை நனைத்தார். தாள் ஊதாவாக மாறியது; தெய்வநாயகி சொன்னது சரிதான். கழுத்து நரம்பில் குளுக்கோஸ் ஏற்றி, தேன்போலக் கெட்டியான ஒரு மருந்தைப் புகட்டக் கொடுத்தார். “நாளைச் சாயங்காலத்துக்குள்ள தீனி எடுக்கலைன்னா, ஊசி போட்டுக் குட்டிகளை வெளிய வர வெச்சிரணும் மேரிம்மா. தாய் பிழைக்கும். குட்டிகளுக்கு என்னால உறுதி சொல்ல முடியாது.”

“எனக்கு எல்லாமே வேணுமுங்க டாக்டரம்மா” என்று மேரி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மருந்து புகட்டியது தெய்வநாயகிதான். கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு மடக்கும் தொண்டையில் இறங்குவதைப் பார்த்துப் பார்த்து. அவசரப்பட்டால் நுரையீரலுக்குப் போய்விடும். நடுநடுவே ஆட்டின் காதில் புளுகினாள்: இதைவிட மோசமாகக் கிடந்த ஓர் ஆடு மறுநாளே எழுந்து ஈரோடு பஸ்ஸைத் துரத்தியதாம். அகத்தி, வேலங்காய், ஊறவைத்த சோளம் எல்லாம் காட்டினார்கள். ஆடு திரும்பியும் பார்க்கவில்லை. மறுநாள் வெயிலும் தாழ்ந்தது. மேரி அடுப்படி வாசலில் முருங்கைக்கீரையை மடியில் வைத்துக்கொண்டு இலை உருவ மனமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். மடியிலிருந்து ஒரு கொத்து மெல்ல நகர்ந்தது. பார்த்தால், ஆட்டின் வாய் அசைந்துகொண்டிருந்தது. “அந்தோணியாரே!” என்று அவள் போட்ட கூச்சல் காளியண்ணனுக்கே கேட்டது.

அடுத்த வாரம் ஆடு இரண்டு குட்டி போட்டது. பார்க்கக் கூடிய கூட்டத்துக்கு நடுவே தெய்வநாயகி இடுப்பில் கைவைத்து நின்றாள். “மோந்த ஒடனே சொன்னனா இல்லையா? மூக்குன்னா இது மூக்கு!”

“மூக்கு என்னுதுங்க!” என்றார் காளியண்ணன், கம்ப்ரசருக்கு அந்தப் பக்கம் நிற்பவரிடம் சொல்வதுபோல. “கொரோனாவுல போன வாசம் இவளுக்கு இன்னும் வரலை. மோந்து பாக்கறது நானு. தோள்ல ஒரு தட்டுத் தட்டுனா தின்னர் வாசம்னு அர்த்தம், இவ பேசுவா.”

மேரிக்கு அந்த ஈ ஞாபகம் வந்தது. கூட்டம் சிரித்தது.

தெய்வநாயகி ஈரம் காயாத ஒரு குட்டியைத் தூக்கி, சட்டைக் கையால் அதன் முகத்தைத் துடைத்து, தன் மூக்கில் வைத்து நீளமாக இழுத்தாள். பிறகு அதைக் கணவனின் மூக்குக்கு நேரே நீட்டிவிட்டு, அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.